பதினோரு வாரங்களில் 24,611 பேர்

மைசூருவின் ஹெப்பாள் மின்னணு நகரில் இருக்கிறது இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம். அதன் சாப்பாட்டுக் கூடத்தில் மதிய வேளையில் ஒரு மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தால், அநேகமாக ஐந்து மாநிலங்கள் உட்கார்ந்திருக்கும். திருநெல்வேலிப் பையன் ஒருவன், பக்கத்தில் விஜயவாடா, எதிரே கட்டாக், ஓரத்தில் லூதியானா. எல்லோருக்கும் வயது 22 அல்லது 23. எல்லோரும் புத்தம் புதிய பொறியாளர்கள். பேச்சு அடுத்த வாரத் தேர்வைப் பற்றியோ, எந்த ஊருக்கு வேலைக்கு அனுப்புவார்கள் என்பதைப் பற்றியோ, சாம்பாரில் வெல்லம் போடுவது நியாயமா என்பதைப் பற்றியோ இருக்கும்.

ரத்த நோய் நிபுணர் ஒருவர் அந்த மேஜையைப் பார்த்தால் அவருக்கு வேறொன்று தெரியும். இந்தியாவில் அவர் தேடி அலைகிற பொருள் அங்கே தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எட்டு இளம் உடல்கள், எட்டு விதமான வம்சாவளி. அது ஏன் அவ்வளவு அரிய பொருள் என்று புரிய வேண்டுமானால் 2007ஆம் ஆண்டுக்கும், மும்பையில் உடம்பு சரியில்லாமல் போன ஓர் இளைஞரின் கதைக்கும் போக வேண்டும்.

சமீர் பாட்டியாவுக்கு அப்போது வயது 31. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் 'மங்கிபின்' என்ற இணைய நிறுவனத்தைத் தொடங்கி நடத்திவந்தார். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. தொழில் நிமித்தம் மும்பைக்கு வந்திருந்தபோது பசி குறைந்தது. மூச்சு வாங்கியது. குமட்டல், அசதி, நெஞ்சு படபடப்பு. மும்பையின் மே மாத வெயிலில் யாருக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு டாக்டரிடம் போனார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை தாறுமாறாக இருந்தது. உடனே ஊர் திரும்பிச் சிகிச்சையைத் தொடங்கச் சொன்னார் டாக்டர். நியூஜெர்சியில் உள்ள ஒரு மருத்துவமனையில் நோய்க்குப் பெயர் கிடைத்தது: அக்யூட் மைலாய்ட் லுகீமியா. ரத்தப் புற்றுநோய்களில் வேகமாகப் பரவுகிற ரகம்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்தை உற்பத்தி செய்யும் ஆலை. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. இந்த நோயில் ஆலை முதிராத, உதவாத அணுக்களை இடைவிடாமல் தயாரித்துத் தள்ளுகிறது. நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. கடுமையான மருந்துகள் கொடுத்து ஆலையை அடக்கிவைக்கலாம். பலருக்கு அது போதாது. பழைய மஜ்ஜையை அடியோடு அழித்துவிட்டு, ஆரோக்கியமான இன்னொருவரின் ரத்த மூல அணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, நோயாளியின் நரம்பில் ஏற்ற வேண்டும். அவை எப்படியோ வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறிப் புதிய ஆலையைத் தொடங்கும். சமீருக்கும் அதுதான் வழி என்றார்கள்.

யாருடைய அணுவை ஏற்றுவது என்பதில்தான் சிக்கல். ரத்த தானத்துக்கு ஏ, பி, ஓ என்று நான்கு பிரிவு பார்த்தால் முடிந்தது. மஜ்ஜைக்குப் பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற அடையாளச் சீட்டு. உடம்பின் அணுக்கள் பெரும்பாலானவற்றின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நம் எதிர்ப்பு சக்தி 'இது நம்மவர், இது அந்நியர்' என்று தீர்மானிக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி ழான் தோசே 1958இல் இதன் முதல் நுனியைப் பிடித்தார். அதற்காக 1980இல் நோபல் பரிசு பெற்றார். சீட்டில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. ஆகவே உடன்பிறந்த ஒருவருடைய சீட்டு முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஏழெட்டுப் பிள்ளைகள் பிறந்த காலத்துக் குடும்பங்களில் யாராவது ஒருவர் பொருந்திவிடுவார். 'நாம் இருவர், நமக்கு இருவர்' காலத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு அண்ணனோ தங்கையோதான். தமிழ்நாட்டில் இன்று பல வீடுகளில் அதுவும் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டின் வெற்றிக் கணக்கை எழுதும்போது யாரும் இந்த வரியைச் சேர்ப்பதில்லை.

சமீரின் குடும்பத்தில் யாரும் பொருந்தவில்லை. அந்நியர்களிடையே தேட வேண்டும். அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் அப்போது ஏறத்தாழ 80 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள். கேட்கும்போது பெரிய எண்தான். ஆனால் எச்.எல்.ஏ. சீட்டு வம்சாவளியோடு ஒட்டியது. ஐரிஷ்காரருக்கு ஐரிஷ்காரர் பொருந்துவார், பஞ்சாபிக்கு அவர் பொருந்துவது அபூர்வம். அந்த 80 லட்சத்தில் தெற்காசியர்கள் ஒன்றரைச் சதவீதம்கூட இல்லை. சமீருக்குப் பொருத்தமானவர் கிடைக்க இருபதாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போட்டார்கள் அவருடைய நண்பர்கள்.

அப்படியானால் இந்தியாவில் தேடலாமே? நூறு கோடிக்கும் மேல் மக்கள், அவருடைய முன்னோர்கள் பிறந்த மண். இங்கேதான் கதையின் மிகக் கசப்பான பகுதி வருகிறது. இந்தியாவில் தேடுவதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான பதிவேடு எதுவும் அன்று இல்லை. சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், கோத்திரம், சம்பளம், உயரம் எல்லாவற்றையும் போட்டு மணமகன் மணமகள் தேடித்தரும் இணையதளங்கள் 2007இல் டஜன் கணக்கில் இருந்தன. உயிர் பிழைக்கப் பொருத்தம் பார்க்க ஒரு பட்டியல் இல்லை.

இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. நூற்றாண்டுக் கணக்கில் சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் மட்டுமே பெண் கொடுத்துப் பெண் எடுத்த நாடு இது. அதன் விளைவு, எச்.எல்.ஏ. சீட்டுகள் நாடு முழுக்கக் கலக்காமல் குளம் குளமாகத் தேங்கி நிற்கின்றன. இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை, இயற்கை போட்ட வேலியும் இல்லை. தாத்தாக்கள் செய்த கல்யாண ஏற்பாடுகளின் மிச்சம் அது. நடைமுறையில் அதன் பொருள் என்னவென்றால், இந்தியப் பதிவேடு ஒன்று உருப்படியாக இருக்க வேண்டுமானால் அதில் தலைகள் நிறைய இருந்தால் போதாது. ஒவ்வொரு குளத்திலிருந்தும் தலைகள் இருக்க வேண்டும்.

சமீரின் நண்பர் ராபர்ட் சத்வானி அப்போது ஈபே நிறுவனத்தில் பணியாற்றிவந்தார். நண்பனுக்கு இப்படி ஆகிவிட்டது என்று தெரிந்ததும் அவரும் மற்ற நண்பர்களும் கூடினார்கள். தொழில் துறையில் பழகிய மூளைகள். பிரச்சினையை ஒரு தொழில் பிரச்சினையைப் போலவே மேஜையில் வைத்தார்கள். இருபதாயிரத்தில் ஒருவர்தான் பொருந்துவார் என்றால், இருபதாயிரம் தெற்காசியர்களைப் பதிவேட்டில் சேர்த்துவிட வேண்டியதுதான். அவகாசம் சில வாரங்கள். கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பிரார்த்தனை செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்வதைவிட இது மேல் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சத்வானி ஒரு மின்னஞ்சல் எழுதினார். சமீரையும் சத்வானியையும் அறிந்த நானூறு ஐந்நூறு பேருக்கு அது போனது. கண்ணீரைப் பிழியும் கடிதம் இல்லை. சமீர் யார், என்ன நோய், ஏன் தெற்காசியர்களால் மட்டுமே உதவ முடியும் என்பதைச் சுருக்கமாகச் சொன்னது. பிறகு படிப்பவர் செய்ய வேண்டியதைச் சொன்னது: பதிவு செய்யுங்கள், பரப்புங்கள், மேலும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே, எப்படி என்ற விவரமும் இருந்தது. 48 மணி நேரத்தில் அது 35,000 பேரைச் சென்றடைந்தது. ஃபேஸ்புக்கும் யூட்யூபும் பிள்ளைப் பருவத்தில் இருந்த காலம். வாட்ஸாப் பிறக்கவே இல்லை.

அந்த நாட்களில்தான் இன்னொரு பெயர் அவர்கள் காதில் விழுந்தது. வினய் சக்கரவர்த்தி, 28 வயது டாக்டர். அவரும் புது மாப்பிள்ளை. அவருக்கும் அதே நோய், அதே பிரச்சினை. வினயின் நண்பர்களும் தங்கள் பங்குக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு குழுக்களும் ஒன்று சேர்ந்தன. இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. இருவருக்கும் நேரம் குறைவு. இருவருக்கும் தேவை ஒரே சமூகத்தின் உதவி. தன் ஆளுக்கு முதலில் கிடைக்கட்டும் என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. சமீர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அவருடைய நண்பர்களின் பாராட்டுரைகளைவிட அவர்கள் செய்த இந்தக் காரியம் நல்ல சான்று. ஒரு மனிதன் யாரைத் தன்னைச் சுற்றிச் சேர்த்து வைத்திருந்தான் என்பது அவன் படுத்த பிறகுதான் தெரியவருகிறது.

கூகுள், சிஸ்கோ, இன்டெல், ஆரக்கிள், யாஹூ என்று நிறுவனம் நிறுவனமாகப் பதிவு முகாம்கள் நடந்தன. இந்தியப் பொறியாளர்கள் கூட்டமாக வேலை செய்யும் இடங்கள் அவை. மதிய இடைவேளையில் வந்து ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். நுனியில் பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைச் சில விநாடிகள் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், ஊசிகூட இல்லை. முகாம் நடத்துவது எப்படி என்று எழுதிவைத்த வழிகாட்டியை எந்த ஊரில் யார் கேட்டாலும் அனுப்பிவைத்தார்கள். சமீர் சிகிச்சையின் இடையே முடிந்தபோது இணையத்தில் தன் நிலையைப் பற்றி எழுதினார். பார்த்திராத மனிதர்கள் அவரைத் தெரிந்தவர்போலப் பேசத் தொடங்கினார்கள்.

பதினோரு வாரங்களில் அமெரிக்கா முழுக்க 480 முகாம்கள். பதிவு செய்த தெற்காசியர்கள் 24,611 பேர். நினைத்த இலக்கைவிட நாலாயிரத்துச் சொச்சம் அதிகம்.

ஆகஸ்ட் மாதத்தில் சமீருக்குப் பொருத்தம் கிடைத்தது. பத்துக்குப் பத்து. வினய்க்குப் பத்துக்கு எட்டு, அதுவும் சிகிச்சைக்குப் போதுமானது. இருவருக்கும் மாற்று சிகிச்சை நடந்தது.

நோய் திரும்பி வந்தது. சமீர் 2008 மார்ச்சில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஜூனில், வினய் இறந்தார்.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியை ஜெனிஃபர் ஆக்கரும் ஆண்டி ஸ்மித்தும் 2010இல் எழுதிய 'டிராகன்ஃப்ளை எஃபெக்ட்' என்ற நூல் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு மேலாண்மை வகுப்புகளில் இது பாடமாகிவிட்டது. சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு உதாரணம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் சரக்கு விற்பவர்களுக்கும் தேர்தலில் நிற்பவர்களுக்கும் பாடமாகப் போன அளவுக்கு இந்தக் கதை, எந்த ஊருக்குப் பாடமாக வந்திருக்க வேண்டுமோ அந்த ஊருக்கு வரவில்லை.

ஏனென்றால் கதையில் ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. நூல்கள் அதைக் கொஞ்சம் வேகமாகக் கடந்து போகின்றன. 24,611 பேர் கன்னத்தைத் தேய்த்துக் கொடுத்தது ஒரு முகத்துக்காக. சிரித்த முகம், புதுமணத் தம்பதி, தங்களைப் போலவே படித்து வேலைக்கு வந்த ஒரு பையன். ஆனால் பதிவேடு முகம் பார்த்து வேலை செய்வதில்லை. சமீருக்காகப் பதிந்த ஒருவருக்கு ஐந்து வருடம் கழித்து ஒரு நாள் தொலைபேசி வரலாம்: 'உங்கள் அணு ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறது.' நோயாளி யார் என்று சொல்ல மாட்டார்கள். பெயர், ஊர் எதுவும் தெரியாது. வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் தெரிந்தால் அதிகம். அன்று மேஜை முன் நின்று சொன்ன சம்மதம் அன்றைய சம்மதம். தொலைபேசியில் சொல்ல வேண்டியது இன்னொரு சம்மதம்.

2011இல் அமித் குப்தா என்ற இளம் தொழில்முனைவருக்கு அதே நோய் வந்தது. புகைப்படப் பிரியர்களுக்கான 'ஃபோட்டோஜோஜோ' நிறுவனத்தைத் தொடங்கியவர். நண்பர்கள் மறுபடி திரண்டார்கள், மறுபடி முகாம்கள். 2012 ஜனவரியில் பத்துக்குப் பத்துப் பொருந்தும் ஒருவர் கிடைத்தார். சிகிச்சை பலித்தது, அவர் பிழைத்தார்.

நளினி அம்பாடி பிழைக்கவில்லை. கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர், ஸ்டான்ஃபோர்டில் உளவியல் பேராசிரியை. ஒரு மனிதரைச் சில விநாடிகள் பார்த்ததுமே நாம் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம், அந்த முடிவு வியக்கத்தக்க அளவு சரியாகவும் இருந்துவிடுகிறது என்று ஆய்வு செய்து காட்டிப் புகழ்பெற்றவர். முன்பு அடங்கியிருந்த ரத்தப் புற்றுநோய் அவருக்குத் திரும்பியபோது மாணவர்களும் சகாக்களும் குடும்பத்தினரும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் தேடினார்கள். பொருந்தக்கூடியவர்கள் சிலர் கிடைக்கவும் செய்தார்கள். அழைத்தபோது அவர்கள் வரவில்லை. 2013 அக்டோபர் 28இல், 54 வயதில், அவர் இறந்தார்.

அந்தப் பின்வாங்கியவர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் வீடுகளில் இந்தத் தொலைபேசி வந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தால் போதும். பையன் சரி என்பான். அம்மா, "முதுகெலும்புல ஊசி போடுவாங்களாம்டா, நடக்க முடியாமப் போயிட்டா?" என்பாள். அப்பா, "யாரு என்னன்னே தெரியாத ஆளுக்கு உனக்கென்ன வந்துச்சு?" என்பார். பெண்ணாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே: வரன் பார்க்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி சமாச்சாரம் எதற்கு? கல்யாணமாகிவிட்டால் மாமியாரும் கணவரும் சம்மதிக்க வேண்டும். பையன் அன்று இரவே, 'ஸாரி, முடியாது' என்று செய்தி அனுப்பிவிடுவான். யாரும் யாரையும் கொல்லவில்லை. எல்லோரும் அவரவர் பிள்ளைமேல் பாசம் வைத்தார்கள், அவ்வளவே.

இதில் இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மாற்று சிகிச்சைக்கு முந்தைய நாட்களில் நோயாளிக்குக் கடும் மருந்துகள் கொடுத்துப் பழைய மஜ்ஜையை முற்றாக அழித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவருக்குச் சொந்தமாக ரத்தம் தயாரிக்கும் சக்தி கிடையாது. அந்தக் கட்டத்தில் தானம் தருபவர் மனம் மாறினால் நோயாளிக்குத் திரும்பிப் போக வழி இல்லை. முதல் தொலைபேசியில் 'வேண்டாம்' என்பது வருத்தமான காரியம், ஆனால் அது அவருடைய உரிமை. கடைசி வாரத்தில் 'வேண்டாம்' என்பது வேறு. அதனால்தான் பதிவேடு நடத்துகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள், முகாமில் கூட்டம் சேர்ப்பதைவிட வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசுவதற்கு அதிக நேரம் செலவிடுகிறார்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது அப்படியொன்றும் அதிகம் இல்லை. முதுகெலும்பை யாரும் தொடப் போவதில்லை. இப்போது பெரும்பாலான தானங்கள் கையிலிருந்தே எடுக்கப்படுகின்றன. நாலைந்து நாட்களுக்குத் தினமும் ஒரு ஊசி போடுவார்கள். மஜ்ஜையில் இருக்கும் மூல அணுக்களை அது ரத்தத்துக்குள் வரவழைக்கும். அந்த நாட்களில் ஃபுளூ ஜுரம் வந்ததுபோல உடம்பும் எலும்பும் வலிக்கும். பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் படுத்திருந்தால், ஒரு கையிலிருந்து ரத்தம் ஓர் இயந்திரத்துக்குள் போய், மூல அணுக்கள் மட்டும் பிரிக்கப்பட்டு, மிச்ச ரத்தம் மறு கை வழியே திரும்பி வந்துவிடும். ரத்த தானத்தில் தட்டணு மட்டும் எடுப்பதைப் போன்றதுதான். போன அணுக்களை உடம்பு சில வாரங்களில் ஈடுசெய்துகொள்கிறது. சிலருக்கு இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மயக்க மருந்து கொடுத்து மஜ்ஜை எடுக்க வேண்டியிருக்கும். அதிலும் தண்டுவடத்துக்கு வேலை இல்லை.

ஒரு தனி மனிதத் துயரத்திலிருந்து பதிவேடு பிறப்பது சமீர் விஷயத்தில் மட்டும் நடந்ததில்லை. உலகின் இந்தப் பதிவேடுகளில் பல அப்படித்தான் பிறந்தன. லண்டனில் ஷர்லி நோலன் என்ற தாய், பிறவி ரத்த நோயோடு போராடிய மகன் ஆன்டனிக்காக 1974இல் முதல் பதிவேட்டைத் தொடங்கினார். மகனுக்குப் பொருத்தம் கிடைக்கவே இல்லை. 1979இல், ஏழு வயதில், சிறுவன் இறந்தான். பதிவேடு அவன் பெயரில் இன்றும் இயங்குகிறது. ஜெர்மனியில் பீட்டர் ஹார்ஃப் என்பவர் ரத்தப் புற்றுநோய் கண்ட தன் மனைவி மெஷ்டில்டுக்காக 1991இல் தேடியபோது நாடு முழுக்கப் பதிந்திருந்தவர்கள் சுமார் மூவாயிரம் பேர்தான். அவர் தொடங்கிய டி.கே.எம்.எஸ். அமைப்பு ஒரே வருடத்தில் அதை 68,000 ஆக்கியது. மனைவி அந்த ஆண்டே இறந்துவிட்டார். இன்று எட்டரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவான மக்கள்தொகை கொண்ட அந்த நாட்டின் பதிவேடுகள்தான் உலகிலேயே மிகப் பெரியவை. உலகம் முழுக்கப் பதிந்திருக்கும் நான்கு கோடிக்கும் மேற்பட்டோரில் கணிசமான பங்கு ஜெர்மானியர்களே.

இந்தியாவுக்கு இந்த வைத்தியம் புதிதல்ல. அமெரிக்காவில் டொனால் தாமஸ் 1950களில் தொடங்கிப் பல தோல்விகளுக்குப் பிறகு நிலைநிறுத்தி, 1990இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த சிகிச்சையை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1983லேயே செய்துவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1986இல் தொடங்கியது. கைதேர்ந்த டாக்டர்கள் இருந்தார்கள். உடன்பிறந்தவர் பொருந்தினால் சிகிச்சை, பொருந்தாவிட்டால் கை விரிப்பு. இடையில் இருக்க வேண்டிய பட்டியல்தான் இல்லை.

சமீர் இறந்த அடுத்த ஆண்டு, 2009இல், சென்னையில் 'தாத்ரி' என்ற பதிவேடு தொடங்கியது. பின்னர் டி.கே.எம்.எஸ். அமைப்பு பெங்களூர் மெடிகல் சர்வீசஸ் டிரஸ்டுடன் கைகோத்துப் பெங்களூருவில் ஒரு பதிவேடு ஆரம்பித்தது. வேறு சிலவும் உண்டு. தாத்ரியில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள். 2007ஐ நினைத்தால் பெரிய காரியம். 140 கோடியை நினைத்தால் எல்லாம் சேர்த்தும் கால்படி அரிசி. ஒவ்வொரு மாதிரியையும் ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துச் சீட்டைப் படிக்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது என்பது ஒரு காரணம். அதை யார் கொடுப்பது? பெரும்பாலும் நன்கொடைதான். நிதி இல்லாவிட்டால் முகாமுக்கு வருகிறேன் என்பவரையும் அடுத்த மாதம் வரச் சொல்ல வேண்டியிருக்கும். நோயாளியின் பக்கம் பார்த்தால் மாற்று சிகிச்சைக்குப் பல லட்சங்கள். பொருத்தம் கிடைத்த பிறகு பணத்தில் நின்றுபோகிற கதைகள் தனி அத்தியாயம்.

இப்போது வைத்தியமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. பாதி மட்டும் பொருந்துகிற தாயோ தந்தையோ மகனோ தந்தாலும் சமாளிக்கும் முறை வந்துவிட்டது. சமீரின் காலத்தில் அது தவழும் குழந்தை. இன்று இந்திய மருத்துவமனைகளில் அது வழக்கமாகிவருகிறது. அதனால் பதிவேடே வேண்டாம் என்று ஆகிவிடாது. குடும்பத்தில் ஆரோக்கியமான, வயது குறைந்த ஆள் இல்லாதவர்களும், பாதிப் பொருத்தம் ஒத்துவராதவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்நியரின் முழுப் பொருத்தத்துக்கான தேவை அப்படியே இருக்கிறது.

இங்கேதான் மைசூருவின் சாப்பாட்டு மேஜை மறுபடி வருகிறது. தானம் தருபவர் இளைஞராக இருந்தால் சிகிச்சையின் பலன் கூடுகிறது. அதனால் டாக்டர்கள் இருபதுகளில் இருப்பவர்களையே முதலில் தேடுகிறார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கில் சத்வானியும் நண்பர்களும் அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பிடித்தது அத்தகைய இந்தியப் பொறியாளர்களைத்தான். அவர்களுடைய தம்பி தங்கைகள் மைசூருவில் குழு குழுவாக வந்திறங்கி, சில மாதம் தங்கி, நாடு முழுக்கப் பிரிந்து போகிறார்கள். பயிற்சி வளாகம் மட்டுமா? 1946இல் தொடங்கிய நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் எஞ்சினியரிங், 1963இல் தொடங்கிய ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரி என்று பொறியாளர்களை விளைவித்தே பழகிய ஊர் அது. ஊட்டியிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ பஸ் பிடித்தால் சில மணி நேரம். அங்கே ஒரு மேஜையும் ஒரு பெட்டி பஞ்சுக் குச்சியும் போதும், எந்தக் குளத்து மீனும் கிடைக்கும்.

கிடைத்த பிறகு நிற்குமா என்பதுதான் கேள்வி. இருபத்திரண்டு வயதில் வரிசையில் நின்று கன்னத்தைத் தேய்த்துக் கொடுப்பவர்களில் பாதிப் பேர், நண்பன் கொடுத்தான் என்று கொடுப்பவர்கள். சான்றிதழ் கிடைக்கும் என்று கொடுப்பவர்களும் உண்டு. மூன்று வருடத்தில் தொலைபேசி எண் மாறிவிடும், ஊர் மாறிவிடும், கல்யாணம் ஆகிவிடும். பதிவேட்டில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுப்பார்கள். பொருந்தியும் கிடைக்காமல் போகிறவர்களில் மறுப்பவர்கள் ஒரு பகுதி. கண்டுபிடிக்க முடியாமல் போகிறவர்கள் இன்னொரு பகுதி. வங்கியில் விலாசம் மாற்றுகிறவர், கேஸ் இணைப்புக்கு விலாசம் மாற்றுகிறவர், பதிவேட்டுக்கும் ஒரு வரி எழுதிப் போட்டால் தீர்கிற விஷயம் இது. அதே போல, மனதுக்குள் தயக்கம் இருப்பவர் வரிசையில் நிற்காமல் போவதும் ஒரு வகையில் உதவிதான். பட்டியலில் பெயரைப் பார்த்து நம்பிக்கை வைத்த ஒரு குடும்பத்தை அவர் ஏமாற்றாமல் இருப்பார்.

அமெரிக்கப் பதிவேட்டின் விதிப்படி ஒருமுறை பெயர் பதிந்தவர், தானாக விலகிக்கொள்ளாவிட்டால், தன் 61ஆவது பிறந்தநாள் வரை பட்டியலில் இருக்கிறார். 2007 கோடையில் ஏதோ ஓர் அலுவலக வராந்தாவில் சமீருக்காகவும் வினய்க்காகவும் நின்ற 24,611 பேரில் அன்று இருபத்தைந்து வயதாக இருந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். பலர் அந்த மின்னஞ்சலை மறந்திருப்பார்கள். அவர்களுடைய எண் அழைக்கப்படலாம் என்ற நிலையில் இன்னும் அங்கே இருக்கிறது.